ஐந்து அடையாளங்களும் பொருந்த வேண்டும்

கண்ணாடிக்காரரின் வண்டி போய் நாற்பத்தொரு நாள். அவருடைய குடி போயும் நாற்பத்தொரு நாள். இரண்டும் ஒரே சாயங்காலத்தில் போயின. வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. குடியை அவருடைய மனைவி எடுத்துக்கொண்டாள். மனைவி ரசீது கொடுக்கவில்லை என்பதைத் தவிர இரண்டு பறிமுதலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். அன்றைக்கு ஒரு முடிதிருத்தும் கடையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி மாட்டினார். கடைக்காரர் மனம் குளிர்ந்துபோய் ஒரு புட்டியைத் திறந்தார். புதுக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்ததில் இருவர் நால்வராகத் தெரிந்தார்கள். நால்வருக்கான அளவும் உள்ளே போயிற்று. பிறகு கண்ணாடிக்காரர் வண்டியை எடுத்து, மூன்றாவது தெருமுனையில் இருந்த போக்குவரத்துக் காவலரின் கூண்டில் உரசி நிறுத்தினார். போலீசைத் தேடிப்போய்ப் பிடிபட்ட பெருமை அந்த வட்டாரத்தில் அவருக்கு மட்டுமே உண்டு.

மறுநாள் காலை மனைவி அழவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. இன்னொரு தடவை குடித்தால் பிள்ளைகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக மட்டும் சொன்னாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தினமும் சொல்கிறவளாக இருந்திருந்தால் பேரம் பேசிப் பார்த்திருப்பார். ஒரே விலைதான் என்கிற கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. கண்ணாடிக்காரரும் திறக்கவில்லை, குடிப்பதற்கும் சேர்த்து.

முதல் பத்து நாள் கை நடுங்கிற்று. வைரமுனை வைத்த வெட்டுக்கத்தி நேர்கோட்டில் போக மறுத்து, தகட்டின் மேல் ஆறுபோல் வளைந்து ஓடியது. பன்னிரண்டு தகடு வீண். மனைவி அளவுகோலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தார். இருபதாம் நாள் அவள் ஒரு கையை எடுத்தாள். முப்பதாம் நாள் மற்றதையும் எடுத்தாள். கண்ணாடி, சொன்ன இடத்தில் சொன்னபடி பிரிந்தது.

கை வந்தாயிற்று, வண்டிதான் வரவேண்டும். கண்ணாடி கண்ட வண்டியில் ஏறாது. அதை நிற்கவைத்து, சாய்த்து, கம்பளித்துணியில் சாத்திக் கொண்டுபோக வேண்டும். அதற்கான மரச்சட்டம் அவர் வண்டியின் முதுகில் இருந்தது. புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்றின் நூற்று இருபது ஜன்னல்கள் அவருக்காக ஆவென்று திறந்து காத்திருந்தன. வாரக் கடைசிக்குள் வரவில்லையென்றால் வேறு ஆள் பார்ப்பதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். கோர்ட்டில் அபராதம் கட்டி, வண்டியை ஒப்படைக்கலாம் என்ற உத்தரவும் வாங்கியாயிற்று. ஆகவே நாற்பத்தொன்றாம் நாள் காலை, தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு பறிமுதல் வண்டிக் கிடங்குக்குப் போனார். நல்ல பிள்ளையாகப் போனதுதான் அவர் செய்த முதல் தவறு.

கிடங்கு ஒரு பெரிய மைதானம். நடுவில் இரண்டு மாடி அலுவலகம். மைதானம் முழுக்க வண்டிகள், துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. சிலவற்றின் ஜன்னல் வழியாகக் கொடி புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. ஒரு காரின் ஓட்டுநர் இருக்கையில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அந்தக் காரை மட்டும் ஏலம் விடாமல் இருந்தார்கள், குட்டிகளின் உரிமை முடிவாகவில்லை என்று. கண்ணாடிக்காரரின் வண்டி இரண்டாவது வரிசையில் நின்றது. சட்டத்தில் அன்று மிஞ்சிய ஒரு தகடு உடையாமல் இருந்தது. தூசி படிந்த அதன்மேல் யாரோ விரலால் ஒரு பூ வரைந்திருந்தார்கள்.

முதல் மாடியில் கிளார்க் இருந்தார். கோர்ட் உத்தரவைப் படித்தார். வண்டிப் புத்தகத்தைப் படித்தார். அடையாள அட்டையை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, படத்தில் இருந்ததைவிட இப்போது தேவலை என்றார். எல்லாம் நல்லபடியாகப் போவதைப் பார்த்து மனைவி கைப்பையை மூடினாள். அப்போது கிளார்க் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து, விரலை வைத்து ஒரு வரியைப் படித்துவிட்டு, கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே" என்றார்.

விஷயம் இதுதான். வண்டியை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பிடிபட்ட அன்று கண்ணாடிக்காரரிடம் அடையாள அட்டை இல்லை. வேறு சட்டைப் பையில் இருந்தது. அட்டை இல்லாதவர்களுக்கு அங்க அடையாளங்களைக் குறிக்க வேண்டும் என்று படிவம் சொல்கிறது. மச்சம் தேட அங்கே வெளிச்சம் போதவில்லை. காவலர் கடமை தவறாதவர். கண்ணால் கண்டதை அப்படியே எழுதினார். ஒன்று, இரு கண்களும் சிவந்தவை. இரண்டு, நிற்கும்போது இடப்பக்கம் சாய்பவர். மூன்று, பேச்சில் குழறல். நான்கு, காரணமின்றிச் சிரிப்பவர். ஐந்து, வாயில் மது வாடை.

அதெல்லாம் குடித்திருந்ததால் வந்தது, இப்போது குடிப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் விளக்கினார். கிளார்க் பரிவோடு கேட்டுக்கொண்டார். குடிப்பதை விட்டது மிக நல்ல காரியம் என்றும், தன் மச்சானுக்கும் அந்தப் புத்தி வரவேண்டும் என்றும், ஆனால் அதற்கும் பதிவேட்டுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். கைரேகை இருக்குமே என்று மனைவி கேட்டாள். இருந்தது. ரேகை வைத்தவர் அந்த நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்ததால், அது தாளின் கடைசிவரை ஒரு வால் நட்சத்திரம்போல் இழுபட்டிருந்தது.

"வண்டி யார் பேர்ல இருக்குன்னு நான் கேக்கலைங்க. அது உங்க பேர்லதான் இருக்கு. வண்டியோட வந்த ஆள் யாருன்னு கேக்கறேன். அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"அந்த ஆள் நான்தான்."

"அந்த ஆள் இப்படியா தெளிவா பேசுவாரு? மூணாவது அடையாளத்தைப் பாருங்க" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் கிளார்க்.

வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய நகையைப் பார்த்து இது தங்கமே இல்லை என்று சொல்லும் கடைக்காரருக்கு ஒரு உள்நோக்கம் இருக்கும், விலையைக் குறைக்கலாம். கிளார்க்குக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. அதுதான் கண்ணாடிக்காரரைக் கலங்கடித்தது. ஏமாற்றுகிறவனிடம் பேசலாம். நம்புகிறவனிடம் என்ன பேசுவது?

மேலதிகாரியைப் பார்க்க இரண்டாம் மாடிக்குப் போனார்கள். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், மனைவியை அம்மா என்று அழைத்தார். அவர் மேசைக்குப் பின்னால் பூட்டிய இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. சுவரில், பிழையற்ற நிர்வாகத்துக்காக அவர் வாங்கிய பாராட்டுப் பத்திரம் தொங்கியது.

"நான் வர்றதுக்கு முன்னாடி இங்க முகத்தைப் பாத்து வண்டி குடுத்துட்டு இருந்தாங்க" என்றார் மேலதிகாரி. "முகம் யாருக்கு வேணா இருக்கும். அஞ்சு அடையாளமும் பொருந்தினாதான் வண்டின்னு நான்தான் கொண்டுவந்தேன். என் காலத்துல ஒரு வண்டிகூட தப்பான ஆள் கைக்குப் போனதில்ல."

சரியான ஆள் கைக்குப் போயிருக்கிறதா என்று மனைவி கேட்டாள்.

"அதுவும் அவ்வளவா போகலைம்மா. ரெண்டையும் ஒரே நேரத்துல சாதிக்க முடியாது." அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். மேலும் சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா, நிதானமா வர்றவங்கதான் எங்களுக்குத் தொல்லை. குடிச்சிட்டு வர்றவரு கையெழுத்துப் போடுன்னா போடுவாரு. நிதானமா இருக்கறவரு படிச்சுப் பாக்கறாரு."

அடையாளத்தைத் திருத்த வழி உண்டா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். உண்டு; குடியை விட்டதாக மருத்துவச் சான்று வேண்டும். அன்று பகல் முழுக்க அதற்காகப் போயிற்று. மருத்துவர் அவர் நாக்கை நீட்டச் சொன்னார், முட்டியைத் தட்டினார். இவர் இப்போது குடித்திருக்கவில்லை என்று வேண்டுமானால் எழுதித் தரலாம், ஆனால் விட்டுவிட்டார் என்று எழுத முடியாது என்றார். ஒன்றை விட்டதாகச் சொல்ல அது முன்னால் இருந்ததைத் தான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆகையால் ஒருமுறை குடித்துவிட்டு வந்து காட்டிவிட்டு, பிறகு குடிக்காமல் வந்து காட்டினால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைச் சான்றாகத் தரலாம். குடித்து வரும் நாளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவில் கூட்டம் அதிகம்.

கிடங்குக்கு எதிரே தேநீர்க் கடை இருந்தது. அங்கே தரகர் ஒருவர் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை இவர்கள் வந்து உட்கார்ந்ததுமே, எத்தனை அடையாளம் என்று கேட்டார். ஐந்து என்றதும், அது சாதாரணம், ஒன்பது உள்ளவர்கள்கூட வருகிறார்கள் என்று தைரியம் சொன்னார். பெட்டியில் வெங்காயம் இருந்தது, கண்ணுக்கு. ஒற்றைச் செருப்புக்கு அடியில் ஒட்ட மரத்துண்டு இருந்தது, சாய்வுக்கு. நாக்குக்கடியில் வைக்கக் கூழாங்கல் இருந்தது. தனித்தனியாக எடுத்தால் ஒரு விலை, மொத்தமாக எடுத்தால் ஒரு விலை. மனைவி கூழாங்கல்லைத் தெருவிலேயே பொறுக்கிக்கொள்வதாகச் சொன்னாள். தரகர் சிரித்தார்.

"கல்லுக்கு இல்லைக்கா காசு. எங்க வைக்கணும்னு சொல்றதுக்குத்தான். சிரிப்புக்கு நான் ஒண்ணும் வாங்கறதில்ல, அது உள்ள போனா தானா வரும்."

"அஞ்சாவது?"

"அது என்கிட்ட இல்லைக்கா. எதுக்கு வெளியில வாங்கறீங்க? உள்ளயே கிடைக்கும்."

மனைவி வெங்காயத்தை நறுக்கி அவர் கண்ணில் தடவினாள். பதினாறு வருடமாக அந்தக் கண் சிவந்து வீட்டுக்கு வந்ததைத் திட்டியவள், இப்போது இரண்டு கண்ணும் ஒரே அளவு சிவந்திருக்கிறதா என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. வெங்காயம்தான் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

கிளார்க் அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கண், டிக். சாய்வு, அளவுகோலை வைத்துப் பார்த்து, டிக். பேர் கேட்டார், கூழாங்கல் பதில் சொன்னது, டிக். அடுத்து, சிரிக்கச் சொன்னார்.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். தாமதமின்றிச் சேவை செய்வதே எங்கள் பெருமை என்று சுவரில் எழுதியிருந்தது. குபீரென்று சிரித்துவிட்டார். கிளார்க் பேனாவை மூடினார். படித்துவிட்டுச் சிரித்தால் அது காரணத்தோடு சிரிப்பது, கணக்கில் வராது என்றார். கண்ணாடிக்காரர் காலைப் பார்த்தார். ஒரு கால் உயரமாக, ஒரு கால் குட்டையாக இருந்தது. பக்கத்தில் மனைவி, கையில் வெங்காய வாடையோடு, வகுப்பில் மகனுக்குப் பரிசு தருவதைப் பார்க்க வந்த தாய்போல் முன்னால் குனிந்து நின்றாள். அவருக்கு உள்ளேயிருந்து ஏதோ கிளம்பியது. தோள் குலுங்கியது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. கிளார்க் திருப்தியோடு டிக் அடித்தார்.

ஐந்தாவதற்கு வாடை அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்காகவே நிரந்தர வேலை கிடைத்தவர். சளி பிடித்தால் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. கண்ணாடிக்காரரின் வாய்க்கு நேரே குனிந்து, கண்ணை மூடி இழுத்தார்.

"தேநீர்" என்றார். மறுபடி இழுத்தார். "வெங்காயம். பயம். மது இல்லை."

வேண்டுமானால் சட்டையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு வரட்டுமா என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள். சட்டை வாடை சட்டைக்கு, வாய் வாடை வாய்க்கு என்று சொல்லிவிட்டு, அலுவலர் தன் மூக்கைத் துடைத்து உறைக்குள் வைப்பதுபோல் கைக்குட்டையில் பொதிந்துகொண்டார்.

மீண்டும் இரண்டாம் மாடி. மேலதிகாரி உண்மையிலேயே வருந்தினார். நான்கு பொருந்திவிட்டது, ஒன்றே ஒன்றுக்காக இவ்வளவு தூரம் அலைகிறீர்களே என்றார். எழுந்துபோய் அந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே பறிமுதல் செய்த புட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அரக்கு முத்திரையோடும் எண்ணோடும் வரிசையாக நின்றன. ஒரு அளவுக் கோப்பையும் எஃகு டம்ளரும் இருந்தன. அடையாள மீட்பு என்ற பிரிவின்கீழ், விண்ணப்பதாரர் நலனுக்காக இந்த வசதியை அலுவலகமே இலவசமாகச் செய்து தருவதாக விளக்கினார். ஒரு அளவு ஊற்றி, டம்ளரை ஒரு தாளின்மேல் வைத்து நகர்த்தினார். தாளில், அடையாளத் தேவைக்காக மட்டும் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது.

வாடை மேசைக்குக் குறுக்கே நடந்து வந்தது.

கண்ணாடிக்காரர் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு நாளும் அவர் குடிக்காமல் இருந்தது மனைவியின் பேச்சுக்குப் பயந்து மட்டும் அல்ல. குடிக்க ஒரு நியாயமான காரணம் கிடைக்கவில்லை என்பதாலும்தான். மழை பெய்தது, போதவில்லை. மாமனாரின் திதி வந்தது, போதவில்லை. வேலை கெட்டது, அதுவும் போதவில்லை. மனைவி முகத்தைப் பார்த்து எடுத்துச் சொல்லும்படியான காரணமாக ஒன்றும் அமையவில்லை. இப்போது அது வந்திருந்தது, முத்திரையோடு, அச்சடித்த தாளோடு, நூற்று இருபது ஜன்னல்களோடு. இதைக் குடித்தால் குற்றமில்லை. குடிக்காவிட்டால்தான் குற்றம்.

நாக்குக்கடியில் இருந்த கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். டம்ளரைக் கையில் எடுத்தார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே அச்சமாக இருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மேலதிகாரி மனைவியிடம். "குடும்பத்துக்காக ஒரு வாய். இன்னைக்கு ஒரு நாள். நாளைக்கு வேலைக்குப் போயிடுவாரு."

"இதே வார்த்தையைத்தான் சார் அவரு பதினாறு வருஷமா சொன்னாரு" என்றாள் மனைவி. "அப்ப வேணாம்னு சொல்ல வீட்டுல நான் ஒருத்தி இருந்தேன். இங்க அப்படி யாரும் இல்லையா?"

மேலதிகாரி யோசித்தார். அப்படி ஒரு பதவி அனுமதிக்கப்படவில்லை என்றார்.

அவள் கணவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே இரண்டாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடி என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபம். இரண்டில் எதையும் தராமல் அவள் அங்கேயே நின்றாள்.

கண்ணாடிக்காரர் டம்ளரை மூக்குவரை கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எத்தனை நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்த அளவுக்கு நேரம். பிறகு தாளின்மேலேயே வைத்தார். வைக்கும்போது கொஞ்சம் சிந்திற்று.

"எனக்கு வண்டி வேணாம்" என்றார். "வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். தாள் குடுங்க."

மேலதிகாரி முதல்முறையாகச் சங்கடப்பட்டார். "அப்படி எழுதி வாங்க முடியாதுங்க. வேணாம்னு சொல்ற உரிமை வண்டிக்காரருக்குத்தான் உண்டு. நீங்க அவர்தான்னு இன்னும் முடிவாகலையே."

"அப்ப நான் யாரு?"

அதைக் கண்டுபிடிப்பது தங்கள் பிரிவின் வேலை இல்லை என்றார். ஆனால் வண்டியை வைத்திருந்த வாடகை மட்டும் மாதாமாதம் வீட்டு முகவரிக்கு வந்துவிடும். அதற்கு அடையாள அட்டையே போதும். பிறகு டம்ளரில் மிஞ்சியதை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து, சிந்திய அளவை எழுதிக்கொண்டார்.

வந்தவழியாகத் திரும்ப அனுமதி இல்லை. வெளியேறுவதற்குப் பின்பக்கம் தனி வாசல் இருந்தது. அங்கே ஒரு காவலர் ஊதும் மெஷினோடு நின்றார். அவருக்குப் பின்னால் தெருவில் வண்டி இழுக்கும் லாரி ஒன்று, இன்ஜினை அணைக்காமல், கொக்கியைத் தொங்கவிட்டபடி காத்திருந்தது. கண்ணாடிக்காரர் அந்தக் கொக்கியைப் பார்த்தார். வண்டியை மீட்டவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். வந்தால் ஊத வேண்டும். ஊதினால் வண்டி மறுபடி கொக்கியில் ஏறும். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விடும்.

"வண்டி எங்கங்க?" என்று காவலர் கேட்டார்.

"எடுக்கல."

காவலருக்கு அது பழக்கமில்லாத பதில். எதற்கும் ஊதச் சொன்னார். கண்ணாடிக்காரர் ஊதினார். காவலர் மெஷினைப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். பிறகு லாரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த வாசலில் சுழியம் காட்டி அவர்கள் இருவருமே பார்த்ததில்லை. மெஷின் பழுதாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு, போகச் சொன்னார்கள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கண்ணாடிக்காரர் குனிந்து செருப்பிலிருந்த மரத்துண்டைப் பிய்த்து எறிந்தார். நடை நேரானது. மேஸ்திரியிடம் தான் போய்ப் பேசுவதாகவும், கைவண்டி ஒன்று கிடைத்தால் சட்டம் அடித்துப் பத்துப் பத்து தகடாக இழுத்துக்கொண்டு போகலாம் என்றும் மனைவி சொன்னாள். அவர் சரி என்றார். நூற்று இருபதைப் பத்தால் வகுத்தார். பாதியிலேயே விட்டுவிட்டார்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க" என்றாள். "குடிக்கணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

"இப்பவும் இருக்கு" என்றார்.

தெரு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்திருந்தார்கள். நேராகப் போனால் வீட்டுக்குப் பத்து நிமிடம். வழியில் அரசாங்க மதுக்கடை இரண்டு. வலப்பக்கம் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம், வழியில் ஒன்றுதான். அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பினாள்.